படகு எரியவில்லை என்று சொன்னேன்

போன வாரம் என் மகள் கைப்பேசியில் ஒரு நிஞ்சா படம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு குலம், இரண்டுக்கும் தலைமுறைப் பகை, இந்தக் குலத்துப் பெண்ணுக்கும் அந்தக் குலத்துப் பையனுக்கும் காதல். படம் முடிந்ததும் அவள் கைப்பேசியை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பார்த்தவர்கள் அடியில் எழுதியிருந்த கருத்துகளை நான் எடுத்து, தள்ளித் தள்ளிப் படித்தேன். சண்டை பிரமாதம், கதை சவசவ என்றார் ஒருவர். ஓடிப்போயிருக்கலாமே, யார் தடுத்தது என்றார் இன்னொருவர். சொந்தக் குலத்தைக் காட்டிக்கொடுத்தவளுக்கு என்ன மரியாதை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் கீழே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மட்டும், அழுதுவிட்டேன், அவர்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அழுதேன் என்று எழுதியவரை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். டெக் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டாம். கேசட்டை உள்ளே தள்ளும்போது அது பசித்த ஆடு மாதிரி வாங்கிக்கொள்ளும் சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். படத்தின் நடுவில் கோடு கோடாக மழை பெய்வதும், யாராவது எழுந்துபோய் டிவியின் மண்டையில் தட்டுவதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற நேரம். ஊரே மிளகாய் வத்தலாகக் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே. ஒரே கண்மாய். கண்மாய்க்குக் கிழக்கே எங்கள் வகையறா, மேற்கே அவர்கள் வகையறா. கும்பிடுகிற சாமி ஒன்று, சாதி ஒன்று, பேச்சு ஒன்று. ஆனால் மடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற தகராறில் அவர்கள் ஆள் ஒருவன் எங்கள் சித்தப்பாவை, அதாவது அய்யாவின் தம்பியை, வெட்டினான். மறு வருஷம் எங்கள் ஆட்கள் போய் அவர்களில் ஒருவரை வெட்டினார்கள். அதிலிருந்து இரு பக்கமும் அன்னந்தண்ணி புழங்குவதில்லை. கல்யாணத்துக்கு வெற்றிலை வைப்பதில்லை, சாவுக்குக் கோடித் துணி எடுத்துப் போவதில்லை. அவர்கள் வீட்டுக் கோழி எங்கள் பக்கம் வந்தால் அதைக்கூடத் தொடாமல் விரட்டுவோம்.

இந்த இரண்டு வகையறாவுக்கும் நடுவில் என் சித்தி. அம்மாவின் தங்கை. தாய் செத்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். சாயல்குடியில் தையல் படித்தாள். அப்போது எனக்குத் தெரியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாலிநோக்கம் உப்பளத்தில் லாரி ஓட்டுகிற ஒருவனோடு அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அவன் மேற்கு வகையறா. தெரிந்தால் அவனை விடமாட்டார்கள். அவளையும் விடுவார்களா என்பது அவளுக்கே தெரியாது. அதைத்தான் அந்தக் கோடையில் அவள் தெரிந்துகொள்ளப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் சவுதிக்குப் போய்வந்த ஒருவர் வீட்டில்தான் டெக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போடுவார். முன்னறையில் ஆண்கள் அடைசலாக உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். அந்த நெருக்கடியில் போய் உட்கார ஊரில் எந்தப் பெண்ணுக்கும் வழக்கமில்லை. ஆனால் கதை வேண்டும். அதனால் எங்களைப் போன்ற சிறுமிகளை அனுப்பி, கதையை வரவழைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலை வத்தல் களத்தில் உட்கார்ந்து நாங்கள் படம் சொல்ல வேண்டும். நான் நன்றாகச் சொல்வேன். வாளை உருவும் சத்தம், குதிரை ஓடும் சத்தம் எல்லாம் வாயாலேயே போடுவேன். அடுத்த தெருப் பெண்கள்கூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் களத்துக்கு வருவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது ஒரு நிஞ்சா படம். ஆட்கள் ஜப்பான், பேச்சு இங்கிலீஷ். யாருக்கும் ஒரு சொல் புரியாது. சவுதிக்காரர்தான் அர்த்தம் சொல்வார்.

"என்னண்ணே சொல்றான்?"

"'ஒன் வகையறாவ விடமாட்டேன்'ங்கிறான்."

"அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"'என் வகையறாவும் விடாது'ங்குது."

"இம்புட்டு நேரம் பேசுச்சே, அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்லே. அவனுக நீட்டி நீட்டித்தான் பேசுவானுக. நீ படத்தப் பாரு."

வகையறா என்ற சொல் விழுந்ததும் அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய ஆட்கள் ஓட்டுக் கூரை மேல் பூனை மாதிரி ஓடினார்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு குலம், அந்தக் கரையில் ஒரு குலம். அவளிடம் அவன் தலையைக் கொண்டு வா என்கிறார்கள். அவனிடம் அவள் தலையைக் கேட்கிறார்கள். இருவரும் வாளோடு நாணலுக்குள் சந்திக்கிறார்கள், வாளைப் போட்டுவிட்டு ஒரு படகில் ஏறிவிடுகிறார்கள். இரண்டு கரையிலும் இரண்டு குலமும் வந்து நிற்கிறது. நெருப்பு அம்பு. இரண்டு பக்கத்திலிருந்தும். படகு தண்ணீரின் நடுவில் சோளத்தட்டை மாதிரி எரிந்தது. அவ்வளவுதான் படம்.

டிவி அணைந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவன் மேல என்னண்ணே தப்பு? அந்தப் புள்ளதான இழுத்துட்டுப் போனா" என்றார் ஒருவர்.

"ரெண்டு கரையும் சேந்துதான எரிச்சானுக. அந்த ஒரு விசயத்துல ஒத்துமையா இருந்தானுக, பாத்தீகளா?" என்றார் சவுதிக்காரர்.

மூலையில் உட்கார்ந்திருந்த அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். "மொத நாளே ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டிருந்தா, அரை மணியில படம் முடிஞ்சிருக்கும். மத்தியானச் சோத்த நேரத்தோட தின்னிருக்கலாம்" என்றார்.

அறையே இடிகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அய்யா பேசி ஆட்கள் சிரித்தால் எனக்கு அப்படிப் பெருமை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னைக் கொல்லைப் பக்கம் உட்காரவைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். கதையை முதலில் தனக்குச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அய்யா சொன்னதையும் சொன்னேன், சிரித்துக்கொண்டே. சீப்பு என் பின்னந்தலையில் அப்படியே நின்றது.

"ஏத்தா, நாளைக்குக் களத்துல சொல்லும்போது முடிவ மட்டும் மாத்திச் சொல்றியா?"

"எதுக்கு?"

"சொல்லேன். படகு எரியல. தப்பிச்சுக் கடலுக்குப் போயிருச்சு. அங்கன ரெண்டு பேரும் நல்லா இருந்தாகன்னு சொல்லு."

"பொய்யின்னு கண்டுபிடிச்சிருவாகளே?"

"பொம்பளைகள்ல யாரு பாத்தா? என்ன சொல்றாகன்னு பாப்பமே" என்றாள். குரல் விளையாட்டாக இருந்தது. கை விளையாட்டாக இல்லை. முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், வலித்தது.

அம்மன் சன்னிதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்களே, அந்தப் பிள்ளைதான் நான். எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் கையை நீட்டினேன்.

மறுநாள் காலை களம் முழுக்கச் சிவப்பு. எங்கள் ஊர் மிளகாய் குண்டு குண்டாக இருக்கும். காய்ந்தால் உள்ளே விதை கிலுகிலுக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெளுத்துப்போன சண்டு வத்தலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறி எல்லாரும் தும்மினோம். நடுவில் நின்று நான் படம் சொன்னேன். நாணலில் காற்று வீசியது, வாள் வெளியே வந்தது, இரண்டு கரையும் அம்பை நாணில் பூட்டியது. அங்கே கொஞ்சம் நிறுத்தினேன். சித்தி தலையைத் தூக்கவில்லை.

"அம்பு எல்லாம் தண்ணியில விழுந்துருச்சு. படகு எரியல. கடலுக்குப் போயிருச்சு" என்றேன்.

ஒரு பெருமூச்சு களத்தைச் சுற்றி வந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். நெடியில் வந்த கண்ணீர் எது, கதையில் வந்தது எது என்று பிரிக்க முடியாது. அம்மாவுக்கு இரண்டும் வந்தது என்று நினைக்கிறேன்.

"நல்லா இருக்கட்டும்த்தா, எங்கன இருந்தாலும். பெத்தவ இல்லாத புள்ள போல இருக்கு, இல்லாட்டி இப்பிடித் தவிக்க விடுவாளா? நானா இருந்தா ஒரு தூக்குச் சட்டியில சோத்தக் கட்டிக் குடுத்து, போ தாயின்னு அனுப்பியிருப்பேன்" என்றாள்.

"ஆமா, நீ கட்டிக் குடுப்ப" என்றாள் அத்தை.

அத்தை, அய்யாவின் அக்கா. புருஷன் செத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வெட்டுப்பட்ட சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அவள் பேசினால் களத்தில் கோழிகூட ஒதுங்கும்.

"அந்தக் கரையில ஒருத்தனுக்குமா குறி பாக்கத் தெரியல? நானா இருந்தா படகு கெளம்பு முன்னாடியே அடியில ஓட்டையப் போட்டிருப்பேன். செத்துப்போனவனுக்கு எவ பதில் சொல்றது? இவளுக்குக் கடல் காத்து கேக்குதாக்கும்."

"கல் நெஞ்சு மதினி உங்களுக்கு" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பெண்கள் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கருத்து. அவன் வேலைக்குப் போவானா என்றாள் ஒருத்தி. கடலில் எத்தனை நாள் மீனையே தின்பது என்றாள் இன்னொருத்தி. சிரிப்பும் தும்மலுமாக இருந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சித்தியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நல்ல வத்தலையெல்லாம் சண்டுல போடுறியே. நெனப்பு எங்கன இருக்கு?"

சித்தி குனிந்து, போட்டதையெல்லாம் திரும்பப் பொறுக்கினாள்.

அன்று பொழுது சாய்கிற நேரம், கிணற்றடியில் சித்தி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். முதுகைத் தடவினாள். "நான் பாத்துக்கிறேன், நீ ஒண்ணுக்கும் பயப்படாத" என்று சொன்னது எனக்குக் கேட்டது. சித்தி அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் அம்மா அய்யாவிடம் சொன்னாள்.

இதைப் படிக்கும்போது என் அம்மா மேல் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வெகுகாலம் இருந்தது. இப்போது எனக்கு அன்றைய அம்மாவைவிட வயது கூடிவிட்டது. வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் அரிவாள் தூக்குவார், நாமே பக்குவமாகச் சொன்னால் ஒரு அறையோடு விடுவார் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தான் கட்டிய புருஷனை அவ்வளவு தூரம் நம்பியிருக்கிறாள். அழுதது பொய்யில்லை. சோறு கட்டிக் கொடுத்திருப்பேன் என்றதும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சோறு படத்தில் வந்த பெண்ணுக்கு.

அய்யா கத்தவில்லை. சித்தியின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் வத்தல் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டினார். வீட்டில் பூட்டுப் போடுகிற அறை அது ஒன்றுதான். கூரை வரைக்கும் வத்தல் சாக்கு. சன்னல் கிடையாது. சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து இருமல் வந்தது. நிற்கவே இல்லை.

"நெடியில செத்துப்போவா, தொறந்து விடுங்க" என்று அம்மா அய்யாவின் காலைப் பிடித்தாள். "என்னைய நம்பித்தாங்க சொன்னா. களத்துல படக்கதை கேட்டு நான் அழுதேன், நல்லா இருக்கட்டும், நானா இருந்தா சோறு கட்டிக் குடுப்பேன்னு சொன்னேன். அத நம்பி…"

"படத்துக்கே சோறு கட்டிக் குடுத்தியா?" என்றார் அய்யா. "மத்தவளுக என்ன சொன்னாளுக?"

அம்மா சொன்னாள். அத்தை சொன்ன ஓட்டைப் படகையும் சொன்னாள்.

அய்யா சாவியை அத்தையிடம் நீட்டினார். "அக்கா, இத நீ வச்சுக்க. நான் வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காத."

அத்தை வாங்கி இடுப்பில் செருகினாள்.

அப்போதுதான் வாலிநோக்கத்து மீன்காரம்மா கூடையோடு தெருவுக்குள் வந்தாள். அவள் கிழக்குக்கும் விற்பாள், மேற்குக்கும் விற்பாள். மீனுக்கு வகையறா இல்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து அவளோடு வெகுநேரம் சண்டை போட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, நேத்து மீனு என்றாள். மீன்காரம்மா கடல் மேல் சத்தியம் செய்தாள். இடையிடையே குனிந்து என்னவோ பேசினார்கள். கடைசியில் அத்தை ஒரு மீனும் வாங்கவில்லை. மீன்காரம்மா பாதிக் கூடை மீனோடு, அடுத்த தெருவுக்குக்கூடப் போகாமல், பஸ் ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

பங்காளிகள் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. எட்டுப் பேர். வாசலில் நின்ற டிராக்டரைச் சுற்றி நின்றார்கள். முந்தாநாள் அய்யா பேசியதற்குச் சிரித்த அதே ஆட்கள்.

"அண்ணே, ஒங்க வீட்டு வாசப்படிக்கே வந்துட்டானுக. இன்னைக்கு விட்டா நாளைக்கு ஊருல தலை காட்ட முடியாது."

"நீங்கதான சொன்னீக, மொத நாளே வெட்டணும்னு."

அய்யா டிராக்டரில் ஏறினார். சாக்கில் சுற்றிய நீளமான கட்டு ஒன்று அவர் காலடியில் கிடந்தது. வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வண்டிச் சத்தம் ஓயும்வரை அத்தை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து வத்தல் அறையைத் திறந்தாள்.

சித்தி நடந்து வரவில்லை, தவழ்ந்து வந்தாள். இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. அத்தை அவளை மடியில் சாய்த்துக் குளிர்ந்த மோரைக் கையில் ஊற்றிக் கண்ணைக் கழுவினாள்.

"மதினி… நீங்க களத்துல…"

"களத்துல சொல்றது களத்துக்கு. அங்கன ஊரு காது அம்புட்டும் இருக்கு. வாய மூடு, கண்ணுல மோரு எறங்கட்டும்."

"அவரு வாலிநோக்கத்துலதான் இருக்காரு. அய்யோ, மச்சான் அங்கனதான…"

"இருக்க மாட்டான். மீன்காரி இன்னேரம் போயிருப்பா." அத்தை தன் முந்தானையில் அவள் முகத்தைத் துடைத்தாள். "அவனுக ஒருத்தன வெட்டுனானுக. நம்மாளுக போயி ஒருத்தன வெட்டுனானுக. எந்தம்பிய அள்ளிக் கட்டுனது நான். அந்த வீட்டுல அள்ளுனதும் ஒரு பொம்பளதான். இன்னொருக்க என்னால அள்ள முடியாது. உனக்காகன்னு நெனைக்காத, எனக்காகத்தான். எந்திரி. ஏர்வாடி பஸ்ஸுல ஏறு. தர்கா வாசல்ல எறங்கிரு. புத்தி பேதலிச்சு, கண்ணு வீங்கி, தலை கலைஞ்சு, நெதம் அம்புட்டுப் பொம்பளைக உக்காந்திருக்கும். உன்னைய எவன் கேக்கப் போறான்? மீன்காரிகிட்டச் சொல்லி விட்டிருக்கேன், அவன் அங்கன வருவான். வரலைன்னா திரும்பி மட்டும் வந்துராத."

என்னைச் சித்தியின் கையில் பிடித்துக் கொடுத்தாள். கண் தெரியாதவளை பஸ் ரோடு வரை நடத்திப் போக ஒரு பிள்ளை வேண்டும்.

அடுப்படியைத் தாண்டித்தான் பின்வாசல். அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் போனோம். சித்தியின் இருமல் அடங்கவில்லை, கேட்காமல் இருந்திருக்க முடியாது. அம்மா திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவளால் முடிந்தது அவ்வளவு. இன்றைக்கு அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடைமரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மண் காலைச் சுட்டது. சித்தி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, முட்டி முட்டி நடந்தாள். எங்கேயோ ஒரு இஞ்சின் சத்தம் கேட்டதும் இருவரும் முள்ளுக்குள் உட்கார்ந்துவிட்டோம். எவனோ தண்ணீர் இறைக்கிறான். மறுபடி நடந்தோம்.

பஸ் ரோட்டில் டீக்கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள். எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, ஒங்கய்யா வண்டியில ஆளக் கூட்டிட்டுப் போனாரே, என்ன விசேசம்? நீங்க எங்கன?"

சித்தியின் விரல்கள் என் தோளில் புதைந்தன.

"சித்தி கண்ணுல வத்தலு பட்டுருச்சு மாமா. மருந்து ஊத்தப் போறோம்" என்றேன்.

"அடப் பாவமே. வத்தலக் கையாண்டுட்டுக் கண்ணக் கசக்கலாமா" என்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தி முகம் கழுவுவதுபோலக் குனிந்தே இருந்தாள். பஸ் வர எவ்வளவு நேரமானது என்று தெரியாது. தார் ரோடு தண்ணீர் மாதிரி ஆடியது. அந்தப் பொய்த் தண்ணீருக்குள்ளிருந்து பஸ் மெதுவாகக் கிளம்பி வந்தது.

சித்தி படியைத் தடவி ஏறினாள். பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "தலைக்கு எண்ணெ வையி. பேன் புடிச்சிரும்" என்றாள். பஸ் ஏர்வாடியைப் பார்த்துப் போய்விட்டது.

பொழுது இறங்குகிற நேரம் டிராக்டர் திரும்பியது. கட்டு அவிழ்க்கப்படாமலே கிடந்தது. லாரி காலையிலேயே லோடு ஏற்றாமல் போய்விட்டதாம். எவனோ துப்புக் கொடுத்துவிட்டான் என்று கத்திக்கொண்டே இறங்கினார்கள். அய்யா அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை சாவியைக் கொடுத்தாள்.

"தொறந்து பாத்துக்க. நான்தான் விட்டேன்."

அய்யா அறைக்குள் போய் வந்தார். அத்தை எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பங்காளி, "கூடப் பொறந்தவளாச்சேன்னு பாக்காதீக அண்ணே" என்றார்.

அய்யா அத்தையைத் தொடவில்லை. நேராக என்னிடம் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் மேல் உப்புக் காற்றும் டீசலும் வியர்வையும் அடித்தது. கண் சிவந்திருந்தது. எட்டுப் பேரும் தள்ளி, டிராக்டர் பக்கம் நின்றார்கள்.

"பஸ்ஸு ஏத்தி விட்டது நீதான?"

தலையாட்டினேன்.

"எந்தப் பஸ்ஸு?"

ஏர்வாடி போக இன்னும் பொழுது இருந்தது. டிராக்டரில் போனாலும் பிடித்துவிடலாம். சித்திக்குக் கண் தெரியாது, அவன் வந்தானோ இல்லையோ, தர்கா வாசலில் குந்தியிருப்பாள். எனக்கு வேறு ஊர்ப் பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"சாயல்குடி பஸ்ஸு. மத்தியானம் வந்துச்சுல்ல, அது" என்றேன்.

அய்யா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"ஏலே, வண்டியத் திருப்பு. சாயல்குடிக்கு விடு."

ஏர்வாடிக்கு நேர் எதிர்த்திசையில் அவர்கள் போனார்கள். இருட்டிய பிறகு வெறுங்கையோடு வந்தார்கள்.

சித்தி பிழைத்தாள். அவன் தர்காவுக்கு வந்திருந்தான். தூத்துக்குடியில் தையல் எந்திரம் வைத்திருக்கிறாள், இரண்டு பேரன்கள். ஒரு கண்ணில் பார்வை பாதிதான். அய்யா அத்தையோடு அதற்குப் பிறகு பேசவில்லை. ஒரே வீட்டில் அவளுக்குத் தனி அடுப்பு. அவள் அடுப்பிலிருந்து இவர் அடுப்புக்கு நெருப்புக்கூட வரக்கூடாது என்று பங்காளிகள் முன்னால் வைத்த ஏற்பாடு. அத்தை அதைப் பற்றிக் குறைப்பட்டதே இல்லை. அம்மா அதற்கப்புறம் களத்தில் படக்கதை கேட்க உட்காரவில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அய்யா நன்றாக ஏமாந்தார் என்றே முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் அப்படி ஒரு ஆளை ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளூர ஒரு திமிரும் இருந்தது. அவர் போன பிறகு, பெட்டியில் பட்டா, ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை இவற்றோடு ஒரு மனுவின் நகல் கிடைத்தது. அந்தக் கோடைக்கு முந்திய தை மாதம் போட்ட மனு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று தவிர எங்கள் நிறுத்தத்திலிருந்து சாயல்குடிக்குப் பகல் முழுதும் பஸ் வசதி கிடையாது, மத்தியானம் ஒன்று விட்டுத்தர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தது. அந்த மத்தியான பஸ் வந்ததென்னவோ அதற்கு மறு வருஷம்தான். கீழே வரிசையாகக் கையெழுத்தும் ரேகையும். முதல் கையெழுத்து அய்யாவுடையது.